பிள்ளைகள் ஓடக்கூடிய தெரு

தியானப் பகுதி: சகரியா 8:1-5



கோடை விடுமுறை நெருங்குகிறது. கோபன்ஹேகன் நகரத்துக்குச் செல்லவிருக்கும் நம் சபைப் பெற்றோர் சிலர் கடந்த வாரங்களில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஐயா, அங்கே கிறிஸ்தியானியா என்று ஓர் இடம் இருக்கிறதாமே, சிறு பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகலாமா?" என்பதே அந்தக் கேள்வி. அவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு விதமான பதில்கள் கிடைத்திருந்தன. ஒரு சாரார், "அது போதைப்பொருள் விற்கிற இடம், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்" என்றார்களாம். மற்றொரு சாரார், "உலகமே போய்ப் பார்க்கிறது, நீங்களும் போய்ப் படமெடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார்களாம். இவ்விரண்டு பதில்களும் எனக்குப் போதுமானவையாகத் தோன்றவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பதே என் கருத்து. ஆனால், எதைக் காட்டுவதற்காகக் கூட்டிச் செல்கிறோம் என்பதை அறிந்து போக வேண்டும். அதை விளக்கவே இவ்வாரத் தியானம்.

முதலில் அந்த இடத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். பெயரைக் கேட்டதும் அது ஏதோ கிறிஸ்தவக் குடியிருப்பு என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. 17-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட நான்காம் கிறிஸ்டியன் என்னும் அரசர் நிறுவிய கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் என்ற பகுதியில் அது இருக்கிறது. அந்தப் பெயரிலிருந்து வந்ததே கிறிஸ்தியானியா. அங்கே பழைய கோட்டை அரண்களும் அகழியும் சூழ்ந்த ஒரு படைமுகாம் இருந்தது. இராணுவம் அதைக் காலி செய்துவிட்டுப் போனபின் வேலி மட்டும் நின்றது. 1971-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அக்கம்பக்கத்துக் குடும்பத்தார் அந்த வேலியை உடைத்து உள்ளே போனார்கள். எதற்காக? தங்கள் பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை என்பதற்காக. நெருக்கமான வீடுகளுக்கு நடுவே பிள்ளைகள் அடைபட்டுக் கிடக்க, பக்கத்திலேயே இத்தனை பெரிய நிலம் வெறுமையாய்க் கிடந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி அந்த இடம் "சுதந்திர நகரம்" என்று அறிவிக்கப்பட்டது. சுமார் 34 ஹெக்டேர் நிலம். இன்று ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே வாழ்கிறார்கள்.

ஐரோப்பாவின் மிகப் புகழ்பெற்ற மாற்றுச் சமூகம் ஒன்று, ஒரு தத்துவத்திலிருந்து அல்ல, பிள்ளைகளின் விளையாட்டுத் திடலிலிருந்து பிறந்தது என்பதை மறவாதிருங்கள். இனி நான் சொல்லப்போவது யாவும் இந்தத் தொடக்கத்தோடு பிணைந்தது.

பிள்ளைகளோடு உள்ளே நுழைகிற பெற்றோருக்கு முதலில் தெரிவது மோட்டார் வாகனங்கள் இல்லாத அமைதி. தனியார் கார்களுக்கு அங்கே இடமில்லை. முன்புறம் பெரிய மரப்பெட்டி பொருத்திய மூன்று சக்கர மிதிவண்டிகளில் பிள்ளைகளையும் காய்கறிகளையும் ஏற்றிக்கொண்டு தாய்மார் செல்வார்கள். அந்த வண்டி அங்கேயே பிறந்தது. 1984-இல் அங்கிருந்த கொல்லர் ஒருவர் தம் மனைவிக்காகச் செய்த வண்டியே இதன் தொடக்கம். இன்று கோபன்ஹேகன் நகரமெங்கும் பிள்ளைகள் இத்தகைய வண்டிகளில் பள்ளிக்குப் போகிறார்கள். மண்பாதை வழியே அகழியின் கரைக்குப் போனால், வீட்டார் தங்கள் கைகளாலேயே கட்டிய வீடுகளைக் காணலாம். பழைய ஜன்னல்களை ஒன்றோடொன்று சேர்த்தே எழுப்பிய ஒரு வீடு உண்டு. பிள்ளைகள் அதன்முன் நெடுநேரம் நிற்பார்கள். பிறர் வேண்டாமென்று எறிந்ததைக் கொண்டு ஒருவர் வீடு கட்டலாம் என்பதை ஒரு பிள்ளை கண்ணாரக் காண்பது சிறிய காரியமன்று.

இன்னொன்றும் உண்டு. அங்கே ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டை விற்க முடியாது. வீடு எவருக்கும் தனிச்சொத்து அல்ல. ஒருவர் வெளியேறினால், அடுத்து யார் வரவேண்டும் என்பதை அந்தப் பகுதியின் மக்கள் கூடித் தீர்மானிக்கிறார்கள். தீர்மானங்கள் பெரும்பான்மை வாக்கினால் அல்ல, அனைவரும் இசையும்வரை பேசிப் பேசி எடுக்கப்படுகின்றன. பல்லாண்டுகள் அரசோடு வழக்காடியபின், 2011-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. அதன்பின் அவர்கள் ஓர் அறக்கட்டளையை நிறுவி, 2012-இல் சுமார் 7.6 கோடி குரோன் விலைக்கு நிலத்தின் பெரும்பகுதியை வாங்கும் ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள். அதற்காக அவர்கள் "மக்கள் பங்கு" ஒன்றை வெளியிட்டார்கள். அந்தப் பங்கை வாங்கியவருக்கு இலாபமும் இல்லை, உரிமையும் இல்லை. கொடுத்தோம் என்ற மகிழ்ச்சி மட்டுமே உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளின் 4-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கிற நாம், எருசலேம் சபையார் தங்கள் உடைமைகளைப் பொதுவாக வைத்தனுபவித்ததை ஒரு பழங்கதைபோல் கடந்துபோகிறோம். நம்முடைய விசுவாசத்தை அறிக்கையிடாத ஒரு கூட்டத்தார் அதற்குச் சற்றே ஒப்பான ஒன்றை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றுவருகிறார்கள். அங்குள்ள பெரிய மண்டபத்தில் கிறிஸ்துமஸ் இரவன்று வீடற்றோருக்கும் தனித்திருப்போருக்கும் விருந்தளிப்பதும் அவர்கள் வழக்கம். நாம் அந்த இரவில் யாரோடு உணவருந்துகிறோம்?

இவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால், நான் உங்களுக்குப் பாதி உண்மையையே சொன்னவன் ஆவேன்.

சுதந்திர நகரத்தின் நடுவே ஒரு தெரு இருந்தது. அதற்கு "புஷர் ஸ்ட்ரீட்" என்று பெயர். போதைப்பொருள் விற்பவரின் தெரு என்பதே பொருள். டென்மார்க்கின் சட்டம் கஞ்சாவைத் தடை செய்கிறது. ஆயினும் அந்தத் தெருவில் அது பட்டப்பகலில் மேசைமேல் வைத்து விற்கப்பட்டது. கொடிய போதைப்பொருள்களை மட்டும் அம்மக்கள் தாங்களாகவே விலக்கினார்கள். 1970-களின் இறுதியில் ஹெராயின் அங்கே நுழைந்து உயிர்களைக் குடித்தபோது, 1979-இல் நாற்பது நாட்கள் அவர்கள் வீடுவீடாகச் சென்று, "சிகிச்சைக்குப் போ, இல்லையேல் வெளியேறு" என்று அடிமைப்பட்டவர்களிடம் கூறினார்கள். அது மெச்சத்தக்க செயலே. ஆனால் கஞ்சாவுக்கு வாசல் திறந்தே இருந்தது. "இதில் என்ன தீங்கு? இது எங்கள் சுதந்திரம்" என்றார்கள். காலம் செல்லச் செல்ல, அந்த வியாபாரம் அதைத் தொடங்கிய எளிய மனிதர்களின் கையிலிருந்து வன்முறைக் கும்பல்களின் கைக்குப் போயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் பிள்ளைகளோடு அங்கே சென்றிருந்தோம். அந்தத் தெருவின் முனையில் ஓர் அறிவிப்புப் பலகை நின்றது. மகிழ்ந்திருங்கள், ஓடாதீர்கள், படமெடுக்காதீர்கள் என்னும் மூன்று கட்டளைகள் அதில் இருந்தன. அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய எங்கள் இளைய பிள்ளை அதை எங்களிடம் கேட்டறிந்து, "ஏன் அப்பா இங்கே ஓடக் கூடாது?" என்றது. யாராவது ஓடினால் காவல்துறை வருகிறதென்று எண்ணி மற்றவர்கள் கலங்கிவிடுவார்கள் என்று சொன்னேன். பிள்ளை சற்று யோசித்து, "அப்படியானால் இவர்கள் ஏதோ தப்பு செய்கிறார்களா?" என்றது. "ஆம்" என்றேன். நாங்கள் அந்தத் தெருவுக்குள் போகாமல், வேறு பாதையில் அகழியின் கரைக்கு நடந்தோம்.

பிரியமானவர்களே, பிள்ளைகள் ஓடி விளையாடுவதற்காக வேலியை உடைத்துத் திறந்த இடம் அது. அதே இடத்தில், ஒரு தலைமுறைக்குள், ஓடாதே என்ற பலகை நின்றது. இதைவிட வெளிப்படையான ஒரு பாடத்தை எந்த நூலிலும் நான் வாசித்ததில்லை. எல்லையற்ற சுதந்திரத்துக்கு விலை கொடுக்கிறவர்கள் யார்? அதைக் கேட்டு வாங்கியவர்கள் அல்ல. அந்த இடத்தில் இருப்பவர்களில் மிகச் சிறியவர்கள்.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புதிதாக வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வரும். மாடி வேண்டாமென்று கர்த்தர் சொல்லவில்லை. காற்றும் நிலவும் அனுபவிக்க மாடி நல்லதுதான். ஆனால் விளிம்பு தெரியாமல் ஓடுகிற பிள்ளைக்காக ஒரு சுவர் வேண்டும். கைப்பிடிச்சுவர் பிள்ளையின் ஓட்டத்தைத் தடுப்பதற்கு அன்று. பிள்ளை அச்சமின்றி ஓடுவதற்கே. கலாத்தியருக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதியதும் இதுவே. சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்ட நாம் அதை நம் மாம்ச இச்சைக்கு வாய்ப்பாக்காமல், ஒருவருக்கொருவர் அன்பினால் ஊழியம் செய்ய வேண்டும்.

அந்தத் தெருவின் கதை அதோடு முடியவில்லை. 2016-இல் அங்கே காவலர்கள் சுடப்பட்டபின், குடியிருப்போர் விற்பனை மேசைகளை உடைத்தெறிந்தார்கள். நெடுநாள் செல்லுமுன் வியாபாரம் மீண்டும் முளைத்தது. 2023 ஆகஸ்ட் மாதத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் முப்பது வயதுள்ள ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றார்கள். அதன்பின் குடியிருப்போர் மேசைகளோடு நிற்கவில்லை. 2024 ஏப்ரல் 6-ஆம் தேதி குடும்பங்களாக வந்து, கடப்பாரைகளால் அந்தத் தெருவின் கற்களையே ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தார்கள். அரசின் அமைச்சரும் நகர மேயரும் உடன் வந்தார்கள். ஐம்பது ஆண்டுகளாக அரசோடு முரண்பட்டவர்கள் அன்று அரசோடு சேர்ந்து மண்ணைத் தோண்டினார்கள். வந்திருந்தவர்கள் ஆளுக்கொரு கல்லை வீட்டுக்கு எடுத்துச்செல்லவும் அனுமதிக்கப்பட்டார்கள். கல்லைப் பெயர்த்தால் மட்டும் ஒரு வியாபாரம் அடியோடு மறைந்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் "இது எங்கள் தெரு, இதை நாங்களே திருப்பிக்கொள்வோம்" என்று ஒரு சமூகம் தன் கையாலேயே செய்து காட்டியது.

இனி, நீங்கள் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

"பிறர் நிலத்தை ஆக்கிரமித்துத் தொடங்கிய இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நல்ல முன்மாதிரியா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் தொடங்கிய முறையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் நீண்ட வழக்கின் முடிவில் அவர்கள் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, விலை கொடுத்து வாங்க முன்வந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தவறாகத் தொடங்கியதைச் சரியாக முடிக்க இயலும் என்பது, பிள்ளைகள் நம்மிடமிருந்து அடிக்கடி கேட்காத பாடம்.

"தீமையைப் பார்க்காமல் வளர்வது பிள்ளைக்கு நல்லதல்லவா?" என்பது இரண்டாவது கேள்வி. இன்று நம் பிள்ளைகளின் கண்கள் கைப்பேசித் திரையின் முன் திறந்தே இருக்கின்றன. தீமையை அவர்கள் பார்ப்பார்களா என்பது நம் கையில் இல்லை. யாரோடு நின்று பார்ப்பார்கள் என்பதே நம் கையில் இருக்கிறது. பத்து வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்வியை, பதினேழு வயதில் பிள்ளை நண்பனிடம் கேட்கும். அந்த நண்பன் என்ன சொல்வான் என்று நமக்குத் தெரியாது.

ஆகவே, போகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள். பகல் வேளையில் போங்கள். மாலை மங்குமுன் திரும்பிவிடுங்கள். போகுமுன் அன்றைய நிலைமையை அந்நகரத்தில் வாழ்பவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். கஞ்சாவின் வாடையோ விற்பனையோ இருக்கும் பக்கம் போகாமல், அகழிக்கரைப் பாதையில் நடங்கள். பிள்ளைகளுக்கு அங்கேதான் பார்க்க அதிகம் உண்டு. நீர்க்கரைப் பாதைகளில் சிறு பிள்ளையின் கையை விடாதீர்கள். எவரையும் அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள். வீடுகளின் ஜன்னல்களுக்குள் எட்டிப்பார்க்காதீர்கள். அது கண்காட்சி அன்று. அங்கே ஒருவர் துணி உலர்த்துகிறார், ஒருவர் பிள்ளைக்குச் சோறூட்டுகிறார். நம் வீட்டு வாசலில் அந்நியர் வந்து நின்று படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். போகுமுன் பாதிக் கதையையும், திரும்பும்போது மீதிக் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் "நம் இரட்சகரின் ஆலயம்" என்று பெயர்கொண்ட பழைய தேவாலயம் இருக்கிறது. அதன் கோபுரத்தைச் சுற்றி வெளிப்புறமாகவே படிக்கட்டு திருகி மேலேறுகிறது. மொத்தம் 400 படிகள்; அவற்றில் கடைசி 150 படிகள் திறந்த வெளியில், கோபுரத்தைத் தழுவியபடி செல்கின்றன. வானிலை நன்றாயிருந்து, பிள்ளைகளும் சற்று வளர்ந்தவர்களாயிருந்தால் ஏறிப்பாருங்கள். அத்தனை உயரத்தில் காற்று வீசும்போது, ஒருவர் பயமின்றி நின்று ஊரைக் காண்பது அங்குள்ள கைப்பிடிக் கம்பியினால்தான். உபாகமத்தின் அந்தச் சிறு கட்டளையை விளக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

இவ்வளவும் தொலைதூர நகரத்தைப் பற்றிய பேச்சாக முடிந்துவிடக் கூடாது. இத்தியானத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட சகரியாவின் தரிசனத்தில், கர்த்தர் மீண்டும் வந்து தங்கும் நகரத்துக்குச் சொல்லப்பட்ட அடையாளங்களைக் கவனியுங்கள். பொற்கோபுரமோ பெரும்படையோ அங்கே சொல்லப்படவில்லை. வயது முதிர்ந்தவர்கள் கைத்தடியோடு வீதிகளில் அமர்ந்திருக்கிறார்கள். சிறுவரும் சிறுமியரும் அதே வீதிகளில் நிறைந்து விளையாடுகிறார்கள். அவ்வளவே. ஒரு நகரம் தேவனுக்கு உகந்ததா என்பதை அளக்க, அதன் தெருவில் பிள்ளைகள் ஓடுகிறார்களா என்று பார்த்தால் போதும் என்று அந்தத் தீர்க்கதரிசி கற்றுத்தருகிறார்.

இந்த அளவுகோலை நம் வீடுகள்மேல் வைத்துப் பார்ப்போம். நம் வீட்டில் பிள்ளை ஓடக் கூடாத தெரு எது? தகப்பனார் மாலையில் குடித்துவிட்டு வரும்போது, "சத்தம் போடாதே, அந்தப் பக்கம் போகாதே" என்று பிள்ளைகளை அடக்குகிற வீடுகள் நம் சபையிலும் உண்டு. சொத்துப் பங்கீட்டில் மனம் கசந்து, "பெரியப்பா வீட்டைப் பற்றிக் கேட்காதே" என்று பிள்ளையின் வாயை மூடுகிற வீடுகள் உண்டு. திருச்சபைகளுக்குள்ளும் பார்ப்போம். நிர்வாகத் தேர்தல்களும் நீதிமன்ற வழக்குகளும் எத்தனை சபைகளைப் பிளந்திருக்கின்றன என்பது தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளை, "இரண்டு தாத்தாக்களும் ஏன் பேசிக்கொள்வதில்லை?" என்று கேட்டால், "அதெல்லாம் பெரியவர்கள் காரியம்" என்று சொல்லி அனுப்புகிறோம். அந்தப் பதிலும் ஓர் அறிவிப்புப் பலகைதான். இங்கே ஓடாதே, இங்கே கேட்காதே என்று அது பிள்ளைக்குச் சொல்கிறது.

பலகையைப் பிடுங்கினால் மட்டும் போதாது. மேசைகளை உடைத்தாலும் போதாது என்பதை அந்த நகரத்து மக்கள் பல ஆண்டுகள் சென்று அறிந்தார்கள். அடியில் இருக்கும் கற்களையே பெயர்க்க வேண்டியதாயிற்று. அதை வேறொருவர் வந்து செய்வார் என்று அவர்கள் மேலும் காத்திருக்கவில்லை. நம் வீட்டுத் தெருவையும் நாமேதான் திருப்பிக்கொள்ள வேண்டும். இந்த வாரத்தில் ஒரு கல்லையாவது பெயர்ப்போமா? பேசாதிருக்கும் சகோதரனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. குடியை விட உதவி தேடி மருத்துவரிடமோ போதகரிடமோ ஒரு வார்த்தை. பிள்ளை கேட்ட கேள்விக்கு, தட்டிக்கழிக்காத ஒரு நேர்மையான பதில்.

இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார்கள். நாளை பிள்ளைகள், "இந்தக் கற்கள் ஏது?" என்று கேட்கும்போது, பெற்றோர் சொல்லும்படி ஒரு கதை இருக்கவேண்டும் என்பதற்காகவே கர்த்தர் அப்படிக் கட்டளையிட்டார் என்று யோசுவா 4-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கோபன்ஹேகன் நகரத்தின் சில வீடுகளில் இன்று அந்தத் தெருவின் கல் ஒன்று இருக்கக்கூடும். அதைக் காட்டி, "இது ஏது?" என்று கேட்கிற பிள்ளைக்கு அங்குள்ள பெற்றோர் சொல்ல ஒரு கதை இருக்கிறது. நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும்போது, நாம் சொல்லவும் ஒன்று இருக்கட்டும்.

ஜெபிப்போம். எங்கள் பிதாவே, எங்கள் வீடுகளிலும் சபையிலும் பிள்ளைகள் பயமின்றி ஓடவும், தயக்கமின்றிக் கேட்கவும் எங்களுக்கு உண்மையுள்ள இருதயத்தைத் தாரும். நாங்கள் கட்டவேண்டிய கைப்பிடிச்சுவரைக் கட்டவும், பெயர்க்கவேண்டிய கற்களைப் பெயர்க்கவும் பெலன் தாரும். பயணம் போகிற குடும்பங்களை உமது கரத்தால் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.